செருப்போடு ஒரு குளியல்

ஐப்பசி அடைமழையில், ஒரு காலை ஏழு மணிக்கு, மாடியில் குடியிருந்த அணிலம்மாவின் குட்டி குளியலறைக் குழாயைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டது. அது கண் விழித்ததும் அணிலம்மா வீட்டுச் சொந்தக்காரர் பெருச்சாளியாரிடம் ஓடினாள்.

“குழாயில் ஷாக் அடிக்கிறது ஐயா. எர்த் கம்பி போட்டுக் கொடுங்கள்.”

“இத்தனை வருடத்தில் இங்கே யாரும் செத்ததில்லையம்மா. முன்பிருந்த ஓணான் குடும்பம் செருப்புப் போட்டுக்கொண்டு குளித்தது. எவ்வளவு தங்கமான மனிதர்கள்!”

“குடையும் பிடித்துக்கொள்ளட்டுமா?”

பெருச்சாளியார் சினந்து மாடியேறி, சொந்தக்காரருக்குரிய கம்பீரத்தோடு குழாயைப் பற்றினார். மீசை கருகிற்று.

மறுநாளே எர்த் கம்பி வந்தது. கூலியைப் பெருச்சாளியார் மறுபேச்சின்றிக் கொடுத்தார். ‘நவீன வசதி’க்காக ஏற்றிய வாடகையைத் தை மாதத்திலிருந்து அணிலம்மா கொடுத்துவருகிறாள்.