பச்சை பெயின்டுக்குள் பல் தடம்

இருந்தவர்கள்: வீட்டுக்காரர் தணிகாசலம், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் ஹெலன், அவள் இடுப்பில், ரத்தத்தில் ஈயம் ஏறிய இரண்டு வயது மகள், வீட்டுப் பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வந்த குமரகுரு. குமரகுரு கருவியைச் சன்னல் கட்டையில் வைத்து அழுத்தினார். "கடிபடும் பரப்பு. ஈயம் இருக்கு. பிள்ளைங்க மூளையைக் கெடுத்துடும்," என்றார் சலிப்பாக. பிள்ளைகள் வாய் வைக்கும் இடத்துக்கு அவர் தொழிலில் அதுதான் பெயர். கட்டையின் ஓரம் முழுக்கச் சின்னப் பல் தடங்கள்.

"பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையாம்மா? கட்டையைத் தின்னு வெச்சிருக்கு. நீதான் மாத்தித் தரணும்," என்றார் தணிகாசலம்.

குமரகுரு ஒரு தடத்தை நகத்தால் சுரண்டினார். அதன் குழிக்குள்ளும் பச்சை பெயின்ட் படிந்திருந்தது. "பாதி தடம் பழசு சார். கடிச்சதுக்கு அப்புறம் மேலயே பெயின்ட் அடிச்சிருக்கீங்க. முன்னாடி இங்க யார் இருந்தா?"

"நாங்கதான்."

"கட்டையை எப்ப சார் மாத்துவீங்க?" என்று ஹெலன் கேட்டாள்.

தணிகாசலம் வாய் திறப்பதற்குள் மாடிப்படியில் அவருடைய நாற்பது வயது மகன் வேலவன் இறங்கி வந்தான். சட்டைப் பொத்தான்கள் மாறி மாட்டியிருந்தன. குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். அது அவனை நோக்கிக் கையை நீட்டியது. ஹெலன் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"வாடா, மேல போலாம்," என்று தணிகாசலம் மகனின் மணிக்கட்டைப் பிடித்துப் படியேறினார். அவனை அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தி, வெளியே பூட்டினார்.