ரிப்பேருக்கு விட்ட டார்ச்

என் தம்பி மில்லில் காவலாளியாக இருந்தான். கையிலிருந்த டார்ச் விட்டுவிட்டு எரிகிறது என்று மில் எலக்ட்ரீஷியனிடம் மூன்று முறை கொடுத்தான். மூன்று முறையும் அவன் திறந்துகூடப் பார்க்காமல், சரியாகிவிட்டது என்று திருப்பித் தந்தான். ஒரு ராத்திரி ரோந்தில் டார்ச் அணைந்துபோய், தம்பி லிஃப்ட் குழியில் விழுந்து செத்தான். குடித்திருந்தான் என்று எலக்ட்ரீஷியன் சாட்சி சொன்னான். எங்கள் வம்சத்தில் குடித்தவர் எவருமில்லை.

இப்போது அந்த எலக்ட்ரீஷியன் சொந்தமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். போன மாதம் அங்கே போய் அந்த டார்ச்சை மேசைமேல் வைத்தேன்.

"மில்லு டார்ச்சாச்சே, எங்கய்யா கிடைச்சுது?"

"என் தம்பி கையில."

அவன் டார்ச்சைத் திறந்தான். ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்தான். பல்பை மாற்றினான். டார்ச் விட்டுவிட்டுத்தான் எரிந்தது.

"பேட்டரி செத்துப்போச்சு" என்று மூடியைத் திருகி இரண்டையும் வெளியே எடுத்தான். புதியவற்றை எடுக்கத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். வெறும் டார்ச் அவன் சட்டையின் மேல் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன், எடுத்துட்டுப் போயிடுங்க."

"சரி பண்ணாத டார்ச்சை எங்க வீட்டு ஆளு மூணு தடவ வாங்கிட்டான். போதும்ப்பா. மில்லு வாசல்ல நின்னு, அவன் குடிக்கலைன்னு சொல்லு. வந்து வாங்கிக்கறேன்."

அவன் இன்னும் சொல்லவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருக்கிறான். ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் வந்து வந்து போகிறது.

நேற்றிலிருந்து அவன் வீட்டு ஜன்னலிலும் வருகிறது. எனக்கு அவசரமில்லை.