எழும்பாத சம்பந்தி

"இஞ்சேருங்கோ, அவர் கீழ்க் கதவடிக்கு வந்திட்டாராம். ஒருக்கா எழும்பிப் பாருங்கோ."

கரிகாலன் கதிரையின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார். பாதி எழும்பினார். மீதி வரவில்லை. தொப்பென்று விழுந்தார்.

"ஏலாது, கௌரி."

"ஐம்பத்தஞ்சு வயசிலை உங்களுக்கு ஜிம் கேக்குதோ?"

"டொக்டர் சீனி கூடிப்போச்சு எண்டவர்."

"டொக்டர் நடக்கச் சொன்னவர். ஆர் உங்களை எடுத்த எடுப்பிலை குந்தி எழும்பச் சொன்னது?"

சொன்னது பயிற்சி கொடுக்கும் ரோமன். பக்கத்தில் குந்தி எழும்பிய இளம்பெண் நிறுத்தாததால் கரிகாலனும் நிறுத்தவில்லை. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ரூ பிலிப்-து-ஜிரார் தெரு நெடுக ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இளைஞனைப் போல வீட்டுக்கு வந்தார். நோவு மறுநாள்தான் தொடங்கியது. "ரெண்டாம் நாள் கூடத்தான் செய்யும், பிறகு போயிடும்" என்று ரோமன் போனில் சிரித்தான். இன்று இரண்டாம் நாள். காலையில் கழிவறையிலிருந்து அவரை எழுப்ப கௌரி போகவேண்டியிருந்தது.

இன்று பார்த்துத்தான் குலசேகரம் வருகிறார்.

மகள் சாம்பவியும் குலசேகரத்தின் மகன் கிருஷிகனும் விரும்பிவிட்டார்கள். பையனின் தாய்க்குச் சம்மதம். தகப்பன் மட்டும், பெண் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். பாரிஸ் புறநகரான வில்லியே லே பெல்லில் அவர் மரியாதை பார்ப்பதில் பேர்போனவர். மூத்த மகனுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று, பெண்ணின் தகப்பன் கால்மேல் கால் போட்டுக் கதைத்ததால் குழம்பிப் போனது என்று பேச்சு.

"கால் ஏலாது எண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ. பரம்பரை வருத்தமோ எண்டு கேப்பினம்."

"அப்ப ஜிம் எண்டு உள்ளதைச் சொல்லுவம்."

"ஓம். மகளுக்குக் கலியாணம் பேசேக்கை தேப்பன் இளந்தாரி வேசம் போடுறான் எண்டு பாரிஸ் முழுக்கச் சிரிக்கட்டும்."

நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை. காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது.

"கட்டடத்தை அளக்கிறார் போலை," என்று கௌரி கிசுகிசுத்தாள்.

தாயும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். "டூஸ்மோன், அம்மா, மெதுவா," என்றாள் சாம்பவி. மணி அடித்தது. இருவரும் கையை விட்டார்கள். கரிகாலன் திரும்பவும் கதிரைக்குள்.

குலசேகரம் உள்ளே வந்தார். நெடிய மனிதர். முகம் சிவந்து வியர்த்திருந்தது. கரிகாலன் இருந்தபடியே கும்பிட்டார். குலசேகரம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கோ அண்ணை. இருங்கோ."

"பரவாயில்லை. நிக்கிறன்."

"இருங்கோ அண்ணை, புதுச் சோபா," என்றாள் கௌரி.

கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் அவர் சோபாவைப் பார்த்தார். "வேண்டாம்."

சாம்பவி தேநீரைக் குட்டி மேசையில் வைத்தாள். அவர் குனிந்து எடுக்கவில்லை. தேநீரில் ஆடை படிந்தது.

"எங்கை வேலை?"

"ஒப்பராப் பக்கம் ஒரு ரெஸ்ரோறன்ற், அண்ணை. குசினியிலை."

"ம்."

"நீங்கள் நிக்க நான் இருக்கிறது ஒரு மாதிரிக் கிடக்கு, அண்ணை."

"அப்ப எழும்புங்கோவன்."

கரிகாலன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கௌரி சுவரிலிருந்த சுவாமி படத்தைப் பார்த்தாள். சாம்பவி தன் விரல்களைப் பார்த்தாள்.

"சரி, வெளிக்கிடுறன்," என்றார் குலசேகரம். "முடிவை மகனிட்டைச் சொல்லிவிடுறன்."

சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். மகளின் கண்கள் நிறைவதைக் கரிகாலன் கண்டார். பல்லைக் கடித்தார். குட்டி மேசையில் கையை ஊன்றி, இருந்த பலம் அத்தனையும் கூட்டி எழும்பினார்.

"ஐயோ, அம்மா!"

தேநீர் கவிழ்ந்தது. கரிகாலன் விரிப்பின்மேல் நாலு காலில் நின்றார்.

கௌரியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மரியாதை தெரியாத மனுசன் இல்லை. முந்தநாள் ஜிம்முக்குப் போய்க் குந்திக் குந்தி எழும்பினவர். துடையெல்லாம் நோ. மனுசனுக்கு எழும்பேலாமல் கிடக்கு!"

குலசேகரம் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். பிறகு மெல்லத் திரும்பினார். அலுமாரியைத் திருப்புவதுபோல் முழு உடம்பும் ஒன்றாகத் திரும்பியது.

"உங்களுக்கு எழும்பேலாது. எனக்கு இருக்கேலாது," என்றார். "நீங்கள் ஜிம்முக்குப் போறீங்கள் எண்டு மகன் சொன்னவன். ஒருத்தருக்கும் சொல்லாமல் நேற்று நானும் போனனான். கலியாணப் படத்திலை உங்களுக்குப் பக்கத்திலை நான் மட்டும் கிழவனா நிக்கேலுமே, தம்பி?"