மேற்குச் சுவர்

சுவரில் துளை போடும் சத்தம் கேட்டதும் கமர்ஜஹான் ஜன்னல் வரை போய் நின்றாள்.

ஜன்னலைத் திறந்து பார்க்க வழியில்லை. கணவர் பீர் முகமது மவுத்தாகி நாற்பது நாள்தான் ஆகிறது. இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் அவர் வாழ்ந்த வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. வேற்று ஆண் கண்ணில் படவும் கூடாது.

துணைக்கு நிலக்கோட்டையிலிருந்து வந்திருந்த தங்கை முஹ்சினா, கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சாரம் கட்டிட்டானுகக்கா. டிவி பெட்டிக்குள்ள வெள்ளை அட்டை வருமே, அது கணக்கா பெருசு பெருசா கொண்டாந்து நம்ம மேக்குச் சுவத்துல வெளிய ஒட்டுறானுக. வீட்டையே பார்சல் கட்டப் போறானுகளோ என்னவோ!"

கமர்ஜஹானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எதுக்காம்?"

"கொத்தனாரு மிக்கேல்ராஜுகிட்ட கேட்டேன். வெயில் சூடு உள்ள இறங்காதாம். ஏசி போட்டா சட்டுனு குளுந்துருமாம், கரண்டும் கம்மியாத்தான் இழுக்குமாம்."

"நம்மகிட்ட ஏதுடி ஏசி?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஏசி வச்சிருக்கிற ஆளுக்கு வீட்டைப் பேசி முடிச்சுட்டாரு உன் ஹவுஸ் ஓனரு. கத்திரி வெயிலுக்கு முன்னாடி முடிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாராம்."

"பெருமாள்சாமி அண்ணன் அப்படி ஆளில்லடி."

"அப்ப கீழ அவரு குடியிருக்கிற வீட்டுக்கு ஏன் ஒட்டலை? மேல நமக்கு மட்டும்தானாம். அக்ரிமெண்டு மச்சான் பேர்ல. மச்சானே போயிட்டாரு, பெறகென்ன?"

கமர்ஜஹான் யோசித்துப் பார்த்தாள். வேறு வீடு எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் இத்தா பாதியில் பெட்டி படுக்கையோடு பேகம்பூர் தெருவில் இறங்கி நிற்பதா?

நாலு நாள் வேலை நடந்தது. மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. அட்டைக்கு மேல் வலை விரித்து, பூச்சும் பூசிவிட்டுச் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

மூன்று மணிக்கு மேல் அடுப்புக்கல்லாய்க் கொதிக்கிற சுவரில் அன்று கை வைத்துப் பார்த்தாள். சுடவே இல்லை. யாருக்கோ தயாராகிவிட்ட அந்த அறையில் அவளுக்கு நடுக்கம்தான் வந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் மனைவி கௌசல்யா மேலே வந்தாள்.

அவள் வாயைத் திறக்குமுன் கமர்ஜஹான் முந்திக்கொண்டாள்.

"காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும்க்கா. இத்தா மட்டும் முடியட்டும். அம்புட்டுத்தான் கேக்குறேன். மறுநாளே போயிர்றேன்."

கௌசல்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை யாரு போகச் சொன்னது? இப்பவும் சுவரு சுடுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. அவரு நேர்ல வந்து உன்கிட்டக் கேக்க முடியாதுல்ல, அதான் நான் வந்தேன்."

முஹ்சினா விடவில்லை. "அப்ப உங்க வீட்டுக்கு ஏன்க்கா ஒட்டலை?"

"ரெண்டு வீட்டுக்கும் சேத்துச் செய்ய இந்த வருசம் முடியலைம்மா. எங்களுக்கு வெக்கையா இருந்தா வாசல்ல வந்து உக்காந்துக்குவோம். உங்க அக்கா வெளிய வர முடியாதுல்ல?"