தூணில் இடித்த பம்பர்

"மாத்த வேணாம்க்கா. ஒட்டி, சாயம் அடிச்சா போதும் லா. காடி பழசு" என்றான் பட்டறைக்காரன் கோகுலன்.

அக்னஸுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது.

கார் பட்டறைக்காரன் என்றால், நன்றாக இருப்பதையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறவன் என்பதுதான் அவள் அறிந்த உலகம். அந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் தீவிலுள்ள டத்தோ கிராமாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி பாகான் டாலாம் வரை கணவரோடு தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். சண்டைக்கென்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளிடம் இப்படி நியாயம் பேசினால் அவள் எங்கே போவாள்?

காருக்கு அவர்கள் மகள் ஷெரிலின் வயது. முன் பம்பர் இடது பக்கம் விரிந்து, பல் பிடுங்கிய வாய் மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கியது.

இந்த மாடலுக்குப் புதிது வருவதில்லை, கார் உடைக்கும் கடைகளில்தான் தேட வேண்டும், கிடைத்தாலும் இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று கோகுலன் பொறுமையாக விளக்கினான்.

"இல்ல, மாத்திடு. பழச எங்கயாச்சும் தூக்கிப் போட்டுடு" என்றார் செபாஸ்டியன்.

அக்னஸ் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

இவரா சொல்கிறார்? பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து வழிக்கிறவர். அறுந்த செருப்புக்குக் கம்பி கட்டி, ஞாயிறு பூசைக்கு வருகிறவர்.

சந்தேகம் கோகுலனை விட்டுவிட்டுக் கணவர் மேல் தாவியது.

சனிக்கிழமை காலை மீன் வாங்கப் பாசாருக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, கார் நிறுத்துமிடத்துத் தூணில் இடித்துவிட்டது என்றார். அவள் நம்பினாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தத் தூணைத் திட்டிக்கூடத் தீர்த்தாள்.

இப்போது குனிந்து பார்த்தால், பம்பரில் சுண்ணாம்பு ஒரு பொட்டுகூட இல்லை.

கழுவியிருந்தார். காரைக் கழுவும் வேலையை மழையிடமே விட்டுவிட்ட மனிதர், அன்றைக்கு விடியும் முன்னே எழுந்து கழுவியிருந்தார். கழுவிய பிறகுதான் பாசாருக்கே போனார். அப்படியென்றால் தூணின் சுண்ணாம்பு எங்கே?

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வழக்கமான பட்டறை இருக்கிறது. அதை விட்டுக் கடல் தாண்டி எதற்கு வர வேண்டும் என்று காலையிலேயே கேட்டாள். இங்கே மலிவு என்றார். மலிவைத் தேடி வந்தவர் இங்கே வந்து புதிதாகப் போடச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை கெப்பாலா பத்தாஸில் தங்கையைப் பார்க்கப் போனவர், மழை என்று தாமதமாக வந்தார். சோற்றைத் தொடவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

தங்கையைத்தான் பார்க்கப் போனாரா?

இந்த வயதில் இன்னொருத்தியா என்று நினைத்ததும் அக்னஸுக்கு அழுகை வந்தது. நல்லவேளை, ஆத்திரம் முந்திக்கொண்டது.

"மாத்துனா எவ்வளவு ஆகும் தம்பி?" என்று கேட்டாள். விலையைக் கேட்டுக் கணவரின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

கோகுலன் தலையைச் சொறிந்தான்.

"உங்ககிட்ட காசு வாங்க மாட்டேன்க்கா. ஒட்டுனாலும் சரி, மாத்துனாலும் சரி."

இதென்ன கூத்து! பட்டறையில் ஒரு ஸ்க்ரூவைக்கூட எவனும் சும்மா கொடுத்ததில்லை. இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று அக்னஸ் முடிவு கட்டினாள். அவள் விடாமல் காரணம் கேட்டாள்.

கோகுலன் சிரித்துக்கொண்டே குனிந்து, காரின் நம்பர் பிளேட்டைச் செல்லமாகத் தட்டினான்.

"நேத்து இந்த நம்பர்தான்க்கா எனக்கு அடிச்சிச்சு. மொத பரிசு!"

அக்னஸுக்கு உடனே புரிந்துவிட்டது. விபத்தில் சிக்கிய காரின் எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, லாட்டரி விற்கும் நம்பர் கடையில் போய் அதன் மேல் பணம் கட்டுவது இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். அடி எவ்வளவு பலமோ அவ்வளவு ராசி என்பார்கள். அவளே ஒருமுறை ஃபாதருக்குத் தெரியாமல் கட்டியிருக்கிறாள்.

தூணில் இடித்த காரின் எண்ணை யாரும் கட்டமாட்டார்கள்.

"வெள்ளிக்கெழம கெப்பாலா பத்தாஸ்ல நான் பின்னாலதான் வந்தேன். அந்த மோட்டார் சைக்கிள்காரர அண்ணன் இடிச்சிட்டு, நிக்காம போனாருல்ல, அப்ப."

இன்னொருத்தி இல்லை. அப்படி ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று அக்னஸுக்குத் தோன்றியது.

அவள் முகம் வெளுத்ததைக் கண்டு கோகுலன் பதறிப்போனான்.

"பயப்படாதீங்கக்கா. போலீஸுக்கும் போகல, யாருகிட்டயும் மூச்சு விடல. நம்பர் வெளிய தெரிஞ்சா ஆளாளுக்கு வாங்கி, கடையில வித்து முடிஞ்சிடும் லா."

செபாஸ்டியன் பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அவரு எந்திரிச்சாரா தம்பி?"

கோகுலன் யோசித்தான். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தான்.

"அத பாக்கலண்ணே. நம்பரத்தான் பாத்தேன்."