டொமினிக்குக்கு ஒரு நம்பர்

"ஆளைக் கூட்டிக்கொண்டு வராமல் பதியேலாது அம்மா. எத்தினை தரம் சொல்லுறது?"

ஆசுப்பத்திரிப் பதிவு மேசையிலிருந்து அன்ரோனெற் போட்ட சத்தம் வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. கொம்பியூட்டருக்கு முன்னால் நின்ற எடித் அசையவில்லை. கீரிக் கிராமத்திலிருந்து விடியவே வந்தவள், ஒரு கையில் மகனின் மருந்துகள் எழுதின பழைய கிளினிக் கொப்பி, மற்றக் கையில் ஒரு சின்னப் படம்.

"அவன் வர ஏலாது, மகள்."

அன்ரோனெற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கரையில் இது பெரிய தொல்லை. ஆம்பிளைகள் கடலால் வந்து குறட்டை விட, தாயும் பெண்சாதியும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கு வருவார்கள். கேட்டால் எல்லாருக்கும் ஒரே பாட்டு, "அவர் தொழிலுக்குப் போட்டார்." முந்தி அது சரி. இப்போது ஆசுப்பத்திரிக்குக் கொம்பியூட்டர் வந்துவிட்டதே! ஆள் வந்து முன்னால் இருக்கவேணும், கமரா படம் பிடிக்கவேணும், அதுக்குப் பிறகுதான் நம்பர்.

"மகனுக்கு என்ன வருத்தம்?"

"இழுப்பு. சின்னனிலையிருந்து மூச்சு முட்டும். வாயிலை அடிக்கிற பம்ப் இல்லாமல் ஒரு இடமும் போகமாட்டான்."

"இழுப்போடை கடலுக்குப் போகலாம், ஆசுப்பத்திரிக்கு மட்டும் வரேலாதோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எடித்தும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"போன கிழமை என்ரை பிரசருக்கு வந்தனான், மகள். அப்ப நீங்கள் எல்லாருக்கும் சொன்னீங்கள். இந்த நம்பர் இருந்தால் எந்த ஆசுப்பத்திரிக்குப் போனாலும் ஒரு தட்டிலை எல்லாம் வரும் எண்டு."

சொன்னவள்தான். ஒவ்வொரு காலையும் சொல்லுவாள், தொண்டை கிழியச் சொல்லுவாள். அவளுடைய சித்தப்பா, தெரியாத ஊரில் மயங்கி விழுந்து, ஒவ்வாத ஊசி ஏறிச் செத்தவர். இப்படி ஒரு நம்பர் அன்றைக்கு இருந்திருந்தால் மனுசன் இன்றைக்கும் இருந்திருப்பார்.

"காலிப் பக்கத்திலையும் வருமோ, மகள்?"

"காலி, கண்டி, கொழும்பு. இணைச்ச இடமெல்லாம் வரும்."

"அப்ப பதிஞ்சு விடுங்கோ. மடுமாதா உங்களைக் கைவிடமாட்டா."

காலியோ! அன்ரோனெற்றுக்கு விளங்கிவிட்டது. பெடியன் தெற்கே வேலைக்குப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, தாயை எட்டியும் பாராமல் இருக்கிறான். இந்த மனுசி அவனுக்காக இங்கே கால்கடுக்க நிற்கிறாள். பெத்த வயிறு வேறை என்ன செய்யும்? பாவம்.

"சரி, படத்தைத் தாங்கோ. ஆரிட்டையும் சொல்லிப்போடாதையுங்கோ."

படத்தில் இருந்தவனுக்கு மீசைகூட வடிவாய் முளைக்கவில்லை. "இது பள்ளிக்கூடத்திலை ஏ.எல். படிக்கேக்கை எடுத்தது போலை கிடக்கு. புதுப்படம் இல்லையே?"

"அதுக்குப் பிறகு எடுக்கக் கிடைக்கேல்லை, மகள்."

பேர் செபமாலை டொமினிக். அடையாள அட்டை இலக்கத்தை எடித் செபம் சொல்லுகிற மாதிரித் தடக்காமல் சொன்னாள். பிறந்த திகதியை அடித்ததும் வயது முப்பத்திநாலு என்று திரையில் விழுந்தது. முப்பத்திநாலு வயசுத் தடியனுக்குத் தாய் வந்து நிற்கவேண்டிக் கிடக்கு என்று அன்ரோனெற் மனதுக்குள் ஏசினாள்.

"ஒவ்வாத சாமான் ஏதும் இருக்கோ?"

"இறால் திண்டால் உடம்பெல்லாம் தடிக்கும். அதையும் போடுங்கோ, மகள். அங்கை தெரியாமல் குடுத்துப்போடுவாங்கள்."

மருமகளுக்கு இதுகூடத் தெரியாதாக்கும். அன்ரோனெற் அதையும் அடித்தாள். மெசினிலிருந்து சூட்டோடு வந்த அட்டையை எடித் இரண்டு கையாலும் வாங்கிக் கொஞ்சினாள்.

"அந்த யன்னலிலை காட்டுங்கோ, பம்ப் தருவினம்."

"பம்ப் வீட்டிலை கிடக்கு, மகள். எனக்கு நம்பர் ஒண்டு போதும்."

அதற்குள் அடுத்த ஆள் கொப்பியை நீட்டிவிட்டது. அன்ரோனெற் அதை வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் வரிசை கரைந்து, அவள் சோற்றுப் பார்சலை அவிழ்க்கப் போகும்போது பார்த்தால், எடித் இன்னும் சுவரோர மரவாங்கிலே இருக்கிறாள்! எழும்பி மெல்ல வந்தாள்.

"இப்ப ஒருக்கால் தட்டிப் பாருங்கோ, மகள்."

"என்னத்தை அம்மா?"

"டொமினிக் எங்கை மருந்து எடுத்தவன் எண்டு."

பசி வேறு அன்ரோனெற்றின் வயிற்றைப் பிடுங்கியது. எண்டாலும் நம்பரை அடித்தாள். இன்றைய பதிவும் இறாலும்தான் வந்தன, கீழே வெறும் வெள்ளை.

"ஒண்டும் இல்லை. இந்த நம்பர் இண்டைக்குத்தானே பிறந்தது. இனி எங்கையும் எடுத்தால்தான் காட்டும்."

"வடிவாப் பாருங்கோ, மகள். பேரைப் போட்டுப் பாருங்கோ. பேரைக் கேட்டால் சொல்லுவான், பேச்சு இருந்தால் சொல்லுவான்."

பேரைப் போட்டும் பார்த்தாள். கொம்பியூட்டர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அதே வெள்ளையைக் காட்டியது. அன்ரோனெற்றுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னம்மா நீங்கள்? எங்கை மருந்து எடுக்கிறாய் எண்டு மகனுக்குப் போனிலை ஒரு கோல் எடுத்துக் கேட்டால் முடிஞ்சுதே! இதுக்கு ஒரு கொம்பியூட்டர் வேணுமே?"

எடித் அட்டையைச் சட்டைக்குள்ளே, செபமாலையோடு சேர்த்து வைத்தாள்.

"ஆமி பிடிச்சுக் காலிப் பக்கத்துக் காம்புக்குக் கொண்டுபோகேக்கை பம்ப்பை எடுக்க விடேல்லை, மகள். இழுப்பு வந்தால் ஆசுப்பத்திரிக்குத்தானே கொண்டுபோயிருப்பாங்கள்?"