சனிக்கிழமைக் கேள்வி

முன்வரிசை எழுந்துவிட்டது. அடுத்தது அவன் உட்கார்ந்திருந்த வரிசை.

அவன் வெறுங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டான்.

மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து, பீடத்தில் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள். மனசில் உறுத்தல் இருப்பவர்கள் பீடத்துக்குப் போகாமல் இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பார்க்காமலும் விடமாட்டார்கள். அந்தச் சபையில் கண்களுக்கு மட்டும் ஓய்வுநாள் கிடையாது.

எதிர்ப்பக்கம், பெண்கள் வரிசையில், அவன் மனைவி எப்சிபா. பதினோரு மாதத்தில் அவள் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவன் குடியை விட்டபின் வந்த சதை.

வியாழக்கிழமை குடித்துவிட்டான்.

காரணம் ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய அவமானம். வேலை போகவில்லை, வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. எப்சிபா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கடையைத் தாண்டிப் போனவன் திரும்பி வந்தான். அவ்வளவுதான்.

இன்று எழுந்து போனால் பொய். உட்கார்ந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

போய்விடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தான். ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாயிற்று. இன்னொன்றுக்கு என்ன.

முதல் பொய்யை நேற்று சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேதமாணிக்கம் அண்ணாச்சியிடம்.

அண்ணாச்சியும் ஒருகாலத்தில் மொடாக்குடியர். விட்டு ஒன்பது வருடம். போன வருட உபவாசக் கூட்டத்தில் இருவரும் வேதாகமத்தின் மேல் கைவைத்துப் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி ஒரு வாரம் தவறியதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு டாண் என்று போன் வரும்.

"தொட்டியா, தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

உடனே வைத்துவிடுவான். பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி அப்படி ஒரு நிம்மதி.

நேற்றும் அதே கேள்வி. அதே பதில். ஆனால் அண்ணாச்சி போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்துபோய் அவனே வைத்துவிட்டான்.

வரிசை எழுந்தது. அவனும் எழுந்தான்.

அண்ணாச்சி எழவில்லை.

எப்போதும் முதல் ஆளாகப் போகிறவர், முழங்காலை ஒதுக்கி அவனுக்கு வழிவிட்டார். கை நடுங்கியது. அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நீ போ, தம்பி. நீயாவது தொடாம நிக்கியே. அதப் பாத்துத்தான் நான் இன்னும் கோயிலுக்கு வாறேன்."



நேற்று போனில் கேட்ட மூச்சு இப்போதுதான் விளங்கியது. இவன் கேட்பான் என்று மனிதர் காத்திருந்திருக்கிறார்.

நாற்பதுக்கும் மேல் சனிக்கிழமைகள். ஒருமுறையாவது இவன் திருப்பிக் கேட்டதுண்டா? ஒன்பது வருடம் குடிக்காமல் நின்றவரிடம் போய் என்ன கேட்பது என்று இருந்துவிட்டான். படுபாவி.

பின்னால் நின்றவர் அவன் முதுகில் மெல்லத் தொட்டார், நகரச் சொல்லி.

எதிர்ப்பக்கம் எப்சிபா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காட்டுக்குள் சின்னச் சிரிப்பு.

அவன் உட்கார்ந்தான்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவள் முகம் மாறுவதை அவன் முழுதாகப் பார்த்தான். தலையைக் குனிந்துகொள்ள மனசு வரவில்லை.

மற்றவர்கள் இருவர் முழங்காலையும் உரசிக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

அண்ணாச்சி மெல்லத் திரும்பினார். "எப்போ?"

"வியாழக்கெழம."

 அவர் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பாடல் முடிந்துவிட்டது. குருவானவர் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தார். இன்னும் யாராவது உண்டா என்று சபையைப் பார்த்தார். இவர்கள் இருவர் மேலும் அவர் கண் சற்று நின்றது. பிறகு கிண்ணத்தை வெள்ளைத் துணியால் மூடினார்.

அவன் குனிந்து, அண்ணாச்சியின் தொடைக்கு அடியிலிருந்த கையை வெளியே எடுத்தான். தன் கைக்குள் வைத்துக்கொண்டான். 

"நீங்க, அண்ணாச்சி?"